கடன் பெறும் முன் மண்ணைக் கற்போம்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் குடும்பம் வட்டி விகிதத்தையும் மாதத் தவணையையும் பலமுறை கணக்கிட்டுப் பார்க்கிறது. அந்தத் தொகையில் பெரும்பங்கு செங்கல்லாகவும் சிமென்ட்டாகவும் கம்பியாகவும் மாறப்போகிறது. ஆயினும் அப்பொருள்களைப் பற்றி அறிந்துகொள்ளச் சில நாள்களை ஒதுக்குவோர் மிகச் சிலரே. இருபது ஆண்டுகள் திருப்பிச் செலுத்தப்போகும் பணத்துக்கு அச்சில நாள் கல்வி இன்றியமையாதது என்பது என் கருத்து. அதனைத் தொடங்க ஏற்ற நகரம் திருவனந்தபுரம்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917இல் பிறந்து, 2007இல் மறையும்வரை இந்நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், சிக்கனத்தை அழகாக்கிக் காட்டியவர். செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி இடையே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறி' முறையை அவர் இங்கே பரப்பினார். இம்முறையில் ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல் மிச்சமாகிறது. இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. எனவே அங்கே பழைய ஓடுகளைப் பதித்துச் சிமென்ட்டைக் குறைத்தார்.

இவற்றை நேரில் காண்பதே முதல் பாடம். தம்பானூரில் சுழன்று ஏறும் இந்தியன் காபி ஹவுஸில் எவரும் அமர்ந்து காபி அருந்தலாம். வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தில் பூசப்படாத செங்கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. இரண்டாம் பாடம் நூல்கள். மண் கட்டுமானம் பற்றியும் செலவைக் குறைப்பது பற்றியும் பேக்கர் தம் கைப்படப் படம் வரைந்து எழுதிய சிறு நூல்கள் எளியோருக்கும் விளங்கும். மூன்றாம் பாடம் பயிற்சி. 1985இல் தொடங்கப்பெற்ற காஸ்ட்ஃபோர்டு நிறுவனமும், விளப்பில்சாலையிலுள்ள லாரி பேக்கர் மையமும் இவ்வழியைத் தொடர்கின்றன. தமிழ்நாட்டில், ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் அழுத்தப்பட்ட மண்கற்கள், வளைவுகள், கவிகை மாடங்கள் ஆகியவற்றைச் செய்முறையாகக் கற்பிக்கிறது.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனையும் உண்டு. மேல்மண்ணை நீக்கி எடுத்த மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களிமண் எனப் படியும். மணல் மிகுந்த மண்ணுடன் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமென்ட் கலந்து அழுத்தினால் சுடாத கல் கிடைக்கும். களிமண் மிகுந்ததற்குச் சுண்ணாம்பு பொருந்தும்.

மண்சுவர் மழையில் கரையும் என்னும் அச்சம் நியாயமானதே. பருவமழை ஆண்டுக்கு இருமுறை வரும் நாட்டில் கருங்கல் அடித்தளமும், சுவரைத் தாண்டி நீளும் கூரையும் இன்றி மண்ணால் கட்டுவது அறிவீனம். கரையான் தடுப்பும், பழகிய கொத்தனாரும் தேவை. இவை அமையாத இடத்தில் வழக்கமான முறையே நன்று.

ஆகவே, மண்கல்லைத் தேர்ந்தெடுப்போர் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடும் மதிப்பீட்டோடும், இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1725இன்படி கற்களைச் சோதித்த அறிக்கையையும் கையில் வைத்திருக்க வேண்டும். கடன் வழங்குவோரின் பொறியாளரும் இம்முறைகளை அறிந்திருத்தல் நலம். சுவரில் மிச்சப்படும் ஒவ்வொரு செங்கல்லும் கடன்தொகையைக் குறைக்கும்; குறைந்த அசலுக்கு வட்டியும் குறைவு. வட்டி விகிதத்தை நாம் நிர்ணயிக்க இயலாது. எவ்வளவு கடன் வேண்டும் என்பதை நாமே நிர்ணயிக்கலாம்.