எருமைத் தலையோடு

கண்டி இராச்சியத்தில் 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச்சென்றவர் இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1681இல் வெளிவந்த தமது நூலில் அவர் காளையை ஒத்த ஒரு விலங்கைக் குறிப்பிடுகின்றார். அதன் முதுகு கூரிய வரம்புபோல் உயர்ந்திருந்ததாம். நான்கு கால்களும் பாதிவரை வெண்மையாம். அரசனுடைய விலங்குகளிடையே ஒன்றை மாத்திரமே அவர் கண்டார். அது காட்டெருது என்பது அறிஞர் கருத்து. இன்று இலங்கைக் காடுகளில் அவ்வினம் இல்லை.

அதன் தலையோட்டை எவரேனும் பக்குவஞ்செய்து பேணியிருந்தால் நம் பிள்ளைகள் அதைக் கண்ணாரக் கண்டிருப்பார்கள். கண்டியைச் சூழ்ந்த வயல்களில் இன்று உழவெருமையின் இடத்தையும் இயந்திரம் பிடித்துவருகின்றது. ஆகவே, வீட்டில் வளர்த்த எருமை முதிர்ந்து இறந்தபின் அதன் கொம்புத் தலையைக் கூடத்தில் வைக்க விரும்புவோருக்குச் சில சொல்வோம்.

திடீரென இறந்த விலங்கை மிருக வைத்தியரைக் கேளாது அறுத்தல் ஆகாது. அடைப்பான் போன்ற நோய்கள் மனிதரையும் பற்றும். கையுறையின்றித் தொடவும் வேண்டாம்.

தோலையும் தசையையும் நீக்கி, பிடரித் துளை வழியே மூளையை நீரால் கழுவி வெளியேற்றுக. பலர் செய்யும் பிழை, தலையை அடுப்பிலேற்றிக் கொதிக்கவைப்பது. கொதிநீர் கொழுப்பை எலும்பினுள் ஏற்றிவிடும், பல் வெடிக்கும், மெல்லிய மூக்கெலும்பு கழன்றுவிடும். மூடியுள்ள பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து, தலையை அமிழ்த்தி, வீட்டுக்கு அப்பால் வைத்தலே நன்று. எஞ்சிய தசையை நுண்ணுயிர்கள் தின்றுதீர்க்கும். அவை வாழ்வது அந்த நீரிலேயாதலால், மாற்றும்போது பாதியை விட்டுவைக்க வேண்டும். மலைநாட்டுக் குளிரில் இவ்வேலை யாழ்ப்பாணத்து வெயிலிலும் மெதுவாகவே நடக்கும், பொறுத்திருக்க வேண்டும்.

சில வாரங்களில் கொம்பின் வெளியுறை தளரும். இடம், வலம் என அடையாளமிட்டு, மெல்லத் திருகிக் கழற்றி, உள்ளிருக்கும் எலும்பைத் துலக்குக. பின்னர் சவர்க்காரத்தூள் கரைத்த இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, மேலே எண்ணெய்ப் படலம் மிதவாதவரை நீரை மாற்றுக. வெண்மைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐதரசன் பேரொட்சைட்டுப் போதும். வெளிற்றும் தூள் எலும்பையே அரித்துவிடும். நிழலில் உலர்த்தி, கழன்ற பற்களையும் கொம்புறைகளையும் பசையிட்டுப் பொருத்தி, கொம்பில் மட்டும் சிறிது தேங்காயெண்ணெய் தடவுக.

இவையாவும் வீட்டெருமைக்கே உரியன. காட்டு விலங்குகளை 1937ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் காக்கின்றது. காட்டிற் கிடந்த மரைக்கொம்பாயினும் எடுத்துவரல் ஆகாது.

இறுதியாக, எருமையின் பெயர், ஊர், இறந்த ஆண்டு, எந்த வயலை உழுதது என்பவற்றை ஓர் அட்டையில் எழுதித் தலையோட்டின் பின்புறம் கட்டிவிடுங்கள். அந்த அட்டை இல்லாவிட்டால், பேரப்பிள்ளைகளின் காலத்தில் அது யாருடைய எருமை என்று சொல்ல எவரும் இரார்.