ரசத்தைச் ‘சூப்’ எனலாமா?

தில்லியில் சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அந்நாள்களில் இங்குள்ள தமிழர் இல்லங்களின் சமையலறை, தென்னாட்டில் அதிகம் கண்டிராத சில இடர்களைச் சந்திக்கிறது. தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்துவிடுகிறது. இட்லி மாவு இரவு முழுவதும் வைத்திருந்தும் பொங்குவதில்லை. இக்குளிருக்குச் சற்றும் அஞ்சாமல் அரைமணி நேரத்தில் ஆயத்தமாவது மிளகு ரசம். ஊரில் பெரும்பாலும் சோற்றோடு பிசைந்து உண்ணப்படும் அது, இங்கே குளிர்கால மாலைகளில் குவளைக்கு மாறிவிடுகிறது.

குவளைக்கு மாறியதோடு பெயரும் மாறத் தொடங்கியிருப்பதுதான் கவலைக்குரியது. “இது என்ன?” என்று அண்டைவீட்டுத் தோழன் கேட்டால், “சூப்” என்று விடை கூறிவிடும் பிள்ளைகள் உண்டு. விளக்கம் சொல்லும் தொல்லை அத்துடன் தீர்கிறது என்பது அவர்கள் எண்ணம். இவ்வழக்கம் கைவிடத்தக்கது.

கேட்பவருக்குப் புரியும் சொல்லால் கூறுவதே மொழியின் பயன் அன்றோ எனச் சிலர் வினவக்கூடும். நேர்மையான வினாதான். ஆனால் இட்லி, தோசை, சாம்பார் ஆகியவற்றைத் தில்லி மக்கள் அப்பெயர்களாலேயே கேட்டு வாங்கி உண்கின்றனர். சாம்பாரை யாரும் ‘மதராசி தால்’ என்று பெயர்த்துத் தரவேண்டியிருக்கவில்லை. ராஜ்மாவையும் கடியையும் தமிழ்ப் பிள்ளைகள் அப்பெயர்களாலேயே அறிந்துகொண்டனர். புதுச்சொல்லைக் கற்கும் ஆற்றல் ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று. மேலும் ‘ரசம்’ என்பதே வடமொழியிலிருந்து வந்த சொல். இந்தியில் ‘ரஸ்’ என்றால் சாறு. தில்லித் தோழனுக்கு அப்பெயரைச் சொன்ன உடனேயே பாதிப் பொருள் விளங்கிவிடும். கன்னடரும் தெலுங்கரும் இதனைச் ‘சாறு’ என்ற சொல்லின் வடிவங்களாலேயே அழைக்கின்றனர். தமிழ் வைணவர் இல்லங்களில் இது ‘சாற்றமுது’. இத்தனை பெயர்கள் இருக்க, சூப்பிடம் கடன் கேட்பானேன்?

சூப்பும் ரசமும் ஒன்றல்ல என்பதற்கு வரலாறே சான்று. ஐரோப்பிய விருந்தில் சூப்பு முதலில் வருவது. தமிழர் பந்தியில் ரசம் குழம்புக்குப் பின்னும் தயிருக்கு முன்னும் வருவது. சென்னை மாகாணத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் ‘மிளகு தண்ணீர்’ என்று கேட்டதை ‘மல்லிகட்டானி’ என்று ஒலித்தனர். யூல், பர்னெல் ஆகிய இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதியில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. சென்னை மாகாண அலுவலர்களுக்கு இதிலிருந்து ‘மல்’ என்ற பட்டப்பெயரே வழங்கியது என்பது சுவையான செய்தி. ஆனால் அவர்கள் தங்கள் உணவு முறைக்கேற்ப இறைச்சியைச் சேர்த்து அதனைக் கெட்டியான சூப்பாக்கிக் கொண்டனர். பொருள் மாறிற்று, பெயர் சிதைந்தும் நின்றது. பிள்ளைகள் செய்வதோ இதற்கு நேர்மாறு: குவளையில் இருப்பது ரசமே; பெயர்தான் இல்லை. இரண்டாம் இழப்பே பெரிது. மல்லிகட்டானி என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்பவர் இன்றும் தமிழ்ச் சமையலறைக்கு வந்து சேரலாம். ‘சூப்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு யாரும் அங்கு வந்து சேர முடியாது.

பெயரைத் தக்கவைக்க எளிய வழி, ரசத்தைக் கையால் வைக்கப் பழகுவது. இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு வேண்டா. நால்வருக்கு நெல்லிக்காய் அளவு புளி போதும். தில்லிக் குளிரில் அது தண்ணீரில் எளிதாக ஊறாது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கரைத்துச் சக்கையைப் பிழிந்தெடுக்க வேண்டும். இரண்டு தேக்கரண்டி மிளகையும் ஒரு தேக்கரண்டி சீரகத்தையும் கொரகொரப்பாக இடித்து, ஐந்தாறு பூண்டுப் பற்களை நசுக்கிக்கொள்ளலாம். தக்காளி விரும்பினால் ஒன்று. (தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவை வருமுன் தமிழர் உணவுக்கு முதன்மையாகக் காரம் தந்தது மிளகே.) புளிக்கரைசலை உப்பும் மஞ்சளும் இட்டுப் பச்சை வாடை போகும்வரை கொதிக்கவிட்டு, இடித்தவற்றைச் சேர்த்து நீர் விளாவ வேண்டும். அதன்பின் அடுப்பை விட்டு அகலக் கூடாது. நுரை கட்டி மேலெழும் நொடியில் இறக்கிவிட வேண்டும். தளதளவெனக் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். இறுதியில் நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டுவர். பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்து வருவது. பழைய தில்லியின் காரி பாவ்லிச் சந்தையில் கிடைப்பது. இந்த ஒன்றில் மட்டும் தில்லித் தமிழர் ஊரில் உள்ளவர்களைவிடப் பேறு பெற்றவர்கள்.

ஊறவைத்தல், கரைத்தல், பிழிதல், இடித்தல், நசுக்குதல், விளாவுதல், தாளித்தல் என்னும் வினைகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். அடுப்பருகே நின்றவர்க்கு அவை மறப்பதில்லை. இறக்கிவைத்த ரசம் சற்று நேரத்தில் இரண்டாகப் பிரியும். மேலே நிற்பது தெளிவு. அடியில் தங்குவது மண்டி. வந்திருக்கும் தோழனுக்குக் குவளையில் தெளிவை ஊற்றித் தரலாம். மண்டியை வீட்டார் இரவுச் சோற்றுக்கென எடுத்து வைப்பர்.