எண்ணிப் பார்த்து ஏற்போம்!

விஞ்ஞானத்தின் வெற்றிகளைப் போற்றும் நாம், அதன் வீழ்ச்சிகளிலிருந்தும் பாடம் கற்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று நம் நாட்டு விமான நிலையங்கள் பலவற்றில் பயணச் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. சென்னையிலும் விமானங்கள் தாமதமாயின. உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. பகைவர் எவரும் தாக்கவில்லை. காவலுக்கு வைத்த கிரவுட்ஸ்டிரைக் மென்பொருளே காரணம்!

அந்நிறுவனம் அனுப்பிய புதிய கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. கணிப்பொறியில் இருந்த நிரலோ 20 மட்டுமே வைத்திருந்தது. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப் போய், நினைவகத்தில் தன் எல்லையைத் தாண்டியது. சாதாரண நிரல் இவ்வாறு செய்தால் அது மட்டும் நின்றுபோகும். இதுவோ கெர்னல் எனும் உட்கருவில் இயங்கியது; ஆகவே கணிப்பொறியே நின்றது. அனுப்புமுன் கோப்பைச் சோதித்த நிரலும் 21 உண்டென்றே நம்பித் தேர்ச்சி அளித்துவிட்டது. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. எனினும் நின்றுபோனவற்றுள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சீர்செய்ய நேர்ந்தது. எண்ணிக்கையை ஒப்பிடும் சோதனை ஜூலை 25 அன்றுதான் சேர்க்கப்பட்டது.

“அனுப்பியவர் பார்த்திருப்பார்” என்பது போதுமா? திண்டிவனத்தில் மணிலா மூட்டை இறக்கும் என் தந்தை பள்ளி வாசலை மிதிக்காதவர். சீட்டில் 21 என்றிருந்தாலும் எண்ணி முடிக்காமல் லாரியை அனுப்ப மாட்டார். அது ஐயம் அன்று, பெறுபவன் கடமை. சோதனை வேகத்தைக் குறைக்கும் என்பர் சிலர். கோப்பை ஏற்றும்போது இரண்டு எண்களை ஒப்பிட ஆகும் நேரம் கண்ணிமைப்பினும் மிகச் சிறிதன்றோ?

சி மொழியில் 20 இடங்கள் கொண்ட அணியில் 21-ஆம் இடத்தைக் கேட்டாலும் மொழி தானாகத் தடுப்பதில்லை. தடுப்பது எழுதுபவர் பொறுப்பு. நம் செய்முறைத் தேர்விலோ, சரியான உள்ளீட்டுக்குச் சரியான விடை வந்தால் முழு மதிப்பெண். தவறான உள்ளீட்டைக் கொடுத்துப் பார்ப்பார் இல்லை. பேராசிரியப் பெருமக்கள் அதற்கும் ஐந்து மதிப்பெண் ஒதுக்க வேண்டுகிறேன். விழுப்புரத்தில் பயிலும் நாம் எழுதும் நிரல் நாளை ஒரு மருத்துவமனையில் இயங்கக்கூடும். நண்பர்களே, ஓடுகின்ற நிரல் எழுதுவது தேர்ச்சி. தவறு வந்தாலும் வீழாத நிரல் எழுதுவதே கல்வி!

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவன், கணிப்பொறி அறிவியல்