வைரஸுக்குப் பின்னால் வரும் இரண்டாவது எதிரி

ஜொகூர் பாரு - 2020 ஜனவரி 25-ஆம் தேதி மலேசியா அறிவித்த முதல் கோவிட்-19 நோயாளிகள், சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் வழியாக வந்தவர்கள். அன்று எல்லார் கவனமும் வைரஸ் மீதே இருந்தது. ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவில் பலரின் உயிருக்கு உலை வைப்பது அடுத்து வரும் தொற்றுதான். 1918 ஃபுளூ மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாக்டீரியா நிமோனியாவே காரணம் என்கின்றன பிற்கால ஆய்வுகள்.

வைரஸ் சுவாசப் பாதையின் உள்சவ்வைச் சிதைக்கிறது. சுவாசக் குழாய் பொருத்தியபின் இருமிக் கிருமிகளை வெளியேற்றவும் முடியாது. டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் அது நோய் எதிர்ப்பைத் தணித்து, இரத்தச் சர்க்கரையை ஏற்றும். 2021-இல் இந்தியாவைக் கலங்கடித்த கரும்பூஞ்சை நோய், பெரும்பாலும் நீரிழிவு உள்ளவர்களையே தாக்கியது.

இது நமக்கு அந்நியக் கதையல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு.

ஆகவே, தற்காப்பு மருத்துவமனைக்குப் போகும் முன்பே தொடங்குகிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, ஃபுளூ தடுப்பூசி போடுவது, வைரஸ் காய்ச்சலுக்கெல்லாம் ஆண்டிபயாட்டிக் கேட்டு நச்சரிக்காமல் இருப்பது ஆகியவை நம் கையில்தான் உள்ளன.