டி-ஷர்ட்டுக்கு அஞ்சு சைஸு, வீல்சேருக்கு ஒண்ணே ஒண்ணா?

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் காட்டமான பதிவு. பிடிக்காதவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம் :)

நம்ம திருப்பூர்ல டி-ஷர்ட்டோட நெஞ்சளவு சார்ட்ல இருக்கறதை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் பையர் லாட்டையே ரிஜெக்ட் பண்ணிருவான்னு பயந்து சாகிறோம். எஸ், எம், எல்னு சைஸ் சைஸா தைக்கிறோம். அதே ஊர்ல ஒருத்தருக்கு வீல்சேர்னா? "மெடிக்கல் கடையில ஒண்ணு கிடக்கும், தூக்கிட்டு வாங்க". முடிஞ்சது சோலி.

அந்த பதினெட்டு அங்குல இரும்பு நாற்காலி, வார்டுல இருந்து எக்ஸ்ரே ரூமுக்குத் தள்ளிட்டுப் போறதுக்கு. பதினாலு அங்குல இடுப்பு இருக்கறவர் அதுல நாள் பூரா உட்கார்ந்தா ஒருபக்கமா சரிஞ்சுதான் இருப்பார். இருபது கிலோவை டிக்கியில யார் ஏத்தறது?

இத்தனைக்கும் மடக்கு வீல்சேரே பயணத்துக்காகப் பிறந்ததுதான். சுரங்க விபத்துல நடக்க முடியாமப் போன ஹெர்பர்ட் எவரெஸ்ட்டும், இன்ஜினியர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் 1933-ல அமெரிக்காவுல உருவாக்கினது, கார்ல வைக்க. தொண்ணூறு வருஷமாச்சு, நாம இன்னும் அந்த 'எக்ஸ்' மடிப்புலயே நிக்கிறோம்.

அடுத்தது 'டிராவல் வீல்சேர்'னு விக்கிற சமாச்சாரம். எடை கம்மி, நல்லா மடங்கும். ஆனா நாலும் சின்னச் சக்கரம். உட்கார்ந்திருக்கறவர் தானா ஒரு அடி நகர முடியாது. எங்க சித்தப்பா இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். இருபது வருஷம் பவர் டேபிள்ல தைச்ச கை அவரோடது. அவருக்குப் போய் சொந்தக்காரங்க இதை வாங்கிக் கொடுத்தாங்க. கோயமுத்தூர் ஸ்டேஷன்ல எல்லாரும் டீ குடிக்கப் போக, மனுசன் சுவத்தைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தார். இது பயணமா, லக்கேஜா?

கை நல்லா இருக்கறவருக்குப் பெரிய பின்சக்கரம் கட்டாயம். அதுவும் ஒரு பட்டன்ல கழண்டு வரணும். கைப்பிடி தூக்கி மடங்கணும், அப்பத்தான் கார் சீட்டுக்கு நகர முடியும். பஞ்சர் ஆகாத டயர். நல்ல குஷன், இல்லேன்னா படுக்கைப்புண் வரும். பேட்டரி வண்டின்னா, கழட்டக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட்-அவருக்குள்ள இருந்தாத்தான் விமானத்துல ஏத்துவாங்க. ரெண்டு பேட்டரின்னா ஒவ்வொண்ணும் 160.

"விலை கட்டுபடியாகாதுங்க"ம்பீங்க. சரி. ஆனா ஐஐடி மெட்ராஸ்காரங்க 2020-லயே ஆளோட அளவுக்கு நியோஃபிளை கொண்டுவந்தாங்க. 2025-ல ஒன்பது கிலோவுல ஒய்டி ஒன். இங்கே விழா எடுத்து, ஒரே அச்சுல வார்த்த ஐம்பது நாற்காலியை மேடையில அடுக்கி போட்டோ எடுக்கறவங்களைக் கேட்கிறேன்: இருபத்தஞ்சு பேருக்கு அளவெடுத்துக் கொடுத்தா போட்டோ நல்லா வராதா? மீதி இருபத்தஞ்சு மூலையில துருப்பிடிக்கறதுக்கு இது மேல்.

நல்ல நாற்காலி மட்டும் போதாதுதான். பஸ்ஸுல படி இருக்கு, ரயில் பெட்டி நடைபாதையில நுழையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 41-வது பிரிவு போக்குவரத்தைப் பத்தித்தான் பேசுது. அதைக் கேட்டு வாங்க, அவர் முதல்ல வீட்டை விட்டு வெளிய வரணுமில்லீங்களா?

டேப் நம்ம ஊர்ல எல்லார் கழுத்துலயும் தொங்குது. எடுத்து அளந்துட்டுக் கடைக்குப் போங்க.

டிஸ்கி: நான் மென்பொருள் ஆளு, டாக்டர் இல்லை. வாங்கறதுக்கு முன்னாடி பிசியோதெரபிஸ்ட்டைக் கேளுங்க. அதுக்கும் முன்னாடி, உட்காரப் போறவரைக் கேளுங்க.