ஆட்டிசம் பிள்ளைக்கும் மனக்காயம் உண்டு: போன் கவுன்சிலிங் மட்டும் போதுமா?

திண்டுக்கல்:
வேடசந்தூர் மில்லில் ஷிப்ட், சின்னாளபட்டியில் தறி, நிலக்கோட்டையில் பூ பறிப்பு என்று ஓடும் குடும்பங்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளை இருந்தால் பாடு இரட்டிப்பு. மதுரைக்கு கூட்டிப்போய் டாக்டரை பார்த்தால் ஒருநாள் கூலி போச்சு. பஸ் நெரிசலிலும் ஹாரன் சத்தத்திலும் பிள்ளை மிரண்டு போகும்.

இவர்களுக்கு போன் கவுன்சிலிங் ஒரு வழி. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையில், 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக தமிழில் பேசலாம். தேவைப்பட்டால் மனநல டாக்டருக்கு இணைப்பு தருவார்கள்.

வாய்விட்டு சொல்லாது

அடி, பள்ளியில் கேலி, பாலியல் தொல்லை, வீட்டில் சாவு எல்லாம் இந்த பிள்ளைகளையும் காயப்படுத்தும். பலருக்கு அதை சொல்லத்தான் தெரியாது. திடீரென தூக்கம் போகும். பேசிய பேச்சு நின்றுபோகும். கையை கடிக்கும். குறிப்பிட்ட ஆளை கண்டாலே அலறும். ‘ஆட்டிசம்னா அப்படித்தான்’ என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. தொல்லை என்று சந்தேகம் வந்தால் உடனே 1098-க்கு சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கும் சிகிச்சை

கேமரா முன்னால் உட்காராத பிள்ளையை வற்புறுத்தக்கூடாது. அம்மாவுக்கு சொல்லித்தந்து, அவர் மூலமாகத்தான் வேலை நடக்க வேண்டும். ராத்தூக்கம் இல்லாமல், சொந்தக்காரர் பேச்சையும் தாங்கும் அம்மா உடைந்து கிடந்தால் பிள்ளை எப்படி தேறும்? அவருக்கும் ஆலோசனை தேவை.

இன்னொரு சிக்கல், வீடு. ஒரே அறையில் பத்து காது கேட்க எதை பேச முடியும்? அடிக்கிற ஆளே பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்?

ஆய்க்குடி வழி

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் ஒரு வழி காட்டுகிறது. வளர்ச்சி குறைபாடுள்ள குழந்தைகளின் வீட்டுக்கே களப்பணியாளர் போகிறார். வல்லுநர்கள் தூரத்திலிருந்தே செயலி மூலம் வழிகாட்டுகிறார்கள். பெற்றோருக்கும் பயிற்சி உண்டு. மனக்காயத்துக்கும் இதே முறை பொருந்தும்.

நம்பர் கொடுத்தால் மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கதவு சாத்திய ஓர் அறை, நல்ல நெட், வீடு தேடி வரும் ஒரு பணியாளர். இந்த மூன்றும் இருந்தால்தான் கூலிக்காரர் வீட்டு பிள்ளைக்கும் சிகிச்சை எட்டும். மாவட்ட நிர்வாகம் கவனிக்குமா?