பழைய காரும் பிடியரிசிக் கணக்கும்

விருதுநகரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவ்வூரின் சிக்கனத்தைத் தொடாமல் பேச்சை முடிப்பதில்லை. காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை, வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியால் நடந்த பள்ளி என்பது நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. ஒரு பிடி அரிசி எடுத்ததால் எந்த வீட்டிலும் உலை குறைந்துவிடவில்லை. பல பிடிகள் சேர்ந்தபோது ஒரு பள்ளி எழுந்தது. அந்தக் கணக்கைப் பழைய சிறிய காரின் பெட்ரோல் செலவுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உவமையாக்கியிருக்கிறார். வண்டி பேணுதல் நம் இலக்கியத்துக்குப் புதிய பொருள் அன்று.

இந்தியாவில் சிறிய கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டி உரியவர் கைக்குச் சேர்ந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் இவ்வண்டிகளும் இவற்றின் வயதை ஒத்த பிற சிறிய வண்டிகளும் இன்றும் ஓடுகின்றன. அச்சகக் கணக்கர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர் எனப் பலருக்கும் இரண்டாவது கை, மூன்றாவது கையாக வந்து சேர்ந்தவை அவை. இவர்களுக்கு எல்லாத் திசையிலிருந்தும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: “இதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குங்கள், மைலேஜ் கிடைக்கும்.” இந்த அறிவுரை கணக்கறியாதது என்பதே எங்கள் கருத்து.

மாதம் 1000 கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிறது என்று கொள்வோம். செலவு ஏறத்தாழ 83 லிட்டர். அதைப் பழுது நீக்கி 15க்குக் கொண்டுவந்தால் 67 லிட்டர் போதும். 16 லிட்டர் மிச்சம். 18 தரும் நல்ல வண்டியை விற்று 21 தரும் புதிய வண்டியை வாங்கினால் 56 லிட்டர் 48 ஆகும். மிச்சம் 8 லிட்டரே. இரண்டிலும் கூடியது லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர்தான். மிச்சமோ ஒன்றில் மற்றதைப் போல இரு மடங்கு. ஐரோப்பியர் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுவதால் இந்த மயக்கம் அவர்களுக்கு நேர்வதில்லை. நலிந்த வண்டியைத் தேற்றுகிறவரே அதிகம் சேமிக்கிறார். கடன் வாங்கிப் புதிய வண்டியில் ஏறுகிறவர் பெட்ரோலில் மிச்சம் பிடித்ததை வட்டியில் தொலைக்கிறார்.

நலிவு எங்கே இருக்கிறது? சிவகாசி வட்டாரத்தாருக்கு இதை விளக்குவது எளிது. வெடியுப்பும் கந்தகமும் கரியும் உரிய அளவில் கலந்தால்தான் மருந்து சரியாக எரியும் என்பதை அறிந்த மண் இது. பட்டாசில் உப்பு தரும் உயிர்வளியைக் காரில் காற்று தருகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். கரிசல் புழுதியால் ஏர் ஃபில்டர் அடைபட்டால், கார்புரேட்டர் உள்ள வண்டியில் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். ஸ்பார்க் பிளக்கின் முனை கரி பூசிக்கொள்ளும், புகைக்குழாய் கறுக்கும். அந்த முனை இளம் பழுப்பாக இருப்பதே நலத்தின் அடையாளம். 2000ஐ ஒட்டி வந்த பெட்ரோல் ஊசி முறை வண்டிகளில் ஃபில்டர் அடைப்பு இழுவையைக் குறைக்குமே தவிர மைலேஜை அவ்வளவு பாதிக்காது. அவற்றில் ஐயப்பட வேண்டியது புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சரை.

எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் சிலரிடம் ஒரு பழக்கம் உண்டு. “வெயில் ஊர், எதற்கு இது?” என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் இஞ்சின் தனக்குரிய சூட்டை அடைந்த பிறகே சிக்கனமாக எரியும். வால்வு இல்லாத வண்டி அந்தச் சூட்டை எட்ட நெடுநேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும் வண்டியோ அந்தச் சூட்டை எட்டாமலே வீடு திரும்பிவிடும். சில நூறு ரூபாய்ப் பொருளைக் கழற்றி எறிந்ததன் விலை மாதந்தோறும் பெட்ரோல் பங்கில் வசூலாகிறது.

அடுத்தது சக்கரம். ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுழற்றினால் சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும். பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால், மசகு போடாத மாட்டுவண்டியை மாடு இழுப்பது போல இஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். டயரின் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், காலைக் குளிரில் அளக்க வேண்டும். உச்சி வெயிலில் ஓடி வந்த டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்து கிடக்கும். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்ற வள்ளுவர் வாக்கை, டிக்கியில் ஆண்டுக்கணக்காகப் பழைய இரும்பைச் சுமந்து திரிகிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் ஓட்டுகிறவர் கால் சரியாக இல்லையென்றால் பயனில்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நான்கு வழிச் சாலையில் 60இல் போகிற வண்டியை 80க்கு விரட்டினால் அந்தத் தடை முக்கால் பங்குக்கு மேல் அதிகமாகிறது. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தைப் பரிந்துரைத்து வந்திருப்பது வெறும் உபதேசமன்று. ரயில்வே கேட் மூடியிருந்தால் இஞ்சினை அணைப்பதும், தூரத்தில் நிற்கும் லாரியைக் கண்டதும் காலை எடுத்துவிடுவதும் செலவில்லாச் சிக்கனங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவதை மட்டும் சிக்கனம் என்று எண்ண வேண்டாம். ஊசி முறை வண்டிகள் கியரில் இருக்கும்போதுதான் பெட்ரோலை அறவே நிறுத்தும். நியூட்ரலில் இஞ்சின் பிடிப்பும் போய்விடும். பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டுவது, மாத்திரை கரைப்பது போன்ற வித்தைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்து, மிகச் சிலவற்றில் மட்டுமே சிறு பயன் கண்டது.

இதுவரை சொன்னவை வண்டிக்காரர் எடுத்து வைக்க வேண்டிய பிடிகள். அரசு எடுத்து வைக்க வேண்டிய பிடி ஒன்று இருக்கிறது.

2025இல் நாடெங்கும் பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலப்பது நடைமுறையாயிற்று. முதலில் 2030 என்று குறித்த இலக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே எட்டப்பட்டது. எத்தனாலை நாங்கள் பழிக்கவில்லை. எங்கள் கரிசலில் மக்காச்சோளம் விளைகிறது. அதற்கு நல்ல விலை கிடைத்தால் மகிழ்வோம். அந்நியச் செலாவணி மிச்சமாவதும் நல்லதே. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதன் உயர்ந்த ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ளும் அமைப்பும் பழைய இஞ்சினில் இல்லை. பழைய வண்டிகளுக்கு ஆறு, ஏழு விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கூறியது. மூன்று முதல் ஆறு விழுக்காடு என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. 15 கிலோமீட்டர் தரும் வண்டியில் ஆறு விழுக்காடு குறைந்தால், மாதம் 1000 கிலோமீட்டருக்கு நான்கு லிட்டர் கூடுதல் செலவு. டயரிலும் பிளக்கிலும் பிடி பிடியாகச் சேர்த்ததை ஒரே கை அள்ளிக்கொண்டு போகிறது.

பணத்தைவிடப் பெரிய கவலையும் உண்டு. பழைய வண்டிகளில் சில ரப்பர்ப் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்பதை அமைச்சகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. இற்றுப்போன குழாயிலிருந்து பெட்ரோல் கசிவது எந்த ஊரிலும் தீங்குதான். தீப்பொறிக்கு அஞ்சி வாழும் சிவகாசியில் அதைச் சிறு பழுது என்று தள்ள முடியாது. பழைய வண்டி வைத்திருப்போர் பெட்ரோல் குழாய்களை இன்றே மாற்றிவிடுவது நல்லது.

பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காகப் பத்து விழுக்காடு கலந்த பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது அந்த 2021 அறிக்கைதான். அந்தச் சொல்லைக் காப்பாற்றச் சொல்வது சலுகை கேட்பதாகாது. ஊருக்கு ஒரு பங்கிலாவது அதற்கென ஒரு குழாய் இருக்கட்டும். ஒவ்வொரு குழாயிலும் எத்தனை விழுக்காடு எத்தனால் என்று தமிழில் எழுதி ஒட்டட்டும். வாங்குகிற அரிசி இன்னதென்று அறிந்துகொள்ளும் உரிமை, அதில் ஒரு பிடியை எடுத்து வைக்கிறவருக்கு உண்டல்லவா?